சுவாச சிகிச்சை மாஸ்க் வடிவமைப்பு: அளவெடுப்பது முதல் மாட்டிப் பார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

உறக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கும் அழுத்தக் காற்றைச் செலுத்தும் சி-பேப், பைபேப் கருவிகளோடு பயன்படும் மாஸ்க்கை வடிவமைப்பது பற்றியது இந்த வழிகாட்டி. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வரும் லேசான பிளாஸ்டிக் மாஸ்க் இதில் சேராது. அது முகத்தை அடைத்து நிற்க வேண்டியதில்லை என்பதால் அதன் கணக்கே வேறு. குழந்தைகளுக்கான மாஸ்க்கையும் விட்டுவிட்டேன். வளரும் முகத்தெலும்பின் மீது இரவுதோறும் அழுத்தம் விழுவது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் இந்த வேலையில் இறங்கும் மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மாஸ்க்கின் விறைப்பான சட்டத்தையும் தலைப்பட்டையையும் முதலில் செய்துவிட்டு, முகத்தில் படியும் மென்மையான குஷனைக் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். கசிந்தால் பட்டையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். குஷன் முகத்தோடு பொருந்தாத இடத்தைப் பட்டையால் சரிக்கட்ட முடியாது. இழுக்க இழுக்க மூக்குத்தண்டு புண்ணாகும். கசிவு ஓரிடத்தில் அடங்கி வேறிடத்தில் கிளம்பும். ஆகவே முகம், அடைப்புக்கோடு (குஷன் முகத்தைத் தொடும் கோடு), குஷன், சட்டம், துளை, பட்டை என்ற வரிசையை மாற்றாமல் செல்லுங்கள்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

அளவெடுக்க வெர்னியர் காலிப்பரும் தையற்காரர் நாடாவும் போதும். காலிப்பரின் கூர்முனைகளை உருண்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அருகே கொண்டுபோகும் கருவி அது.

அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' எழுத்தின் வடிவில் வளைத்து, பலகையில் அளவுகோலோடு பொருத்தி, நிறமூட்டிய தண்ணீரைப் பாதியளவு நிரப்பினால் அழுத்தமானி தயார். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையிலான உயர வேறுபாடே நீர் அளவிலான அழுத்தம். சி-பேப் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை வேலை செய்வதால், குழாயின் ஒவ்வொரு கையும் 30 செ.மீ. உயரமாவது இருக்கட்டும்.

இவற்றோடு காற்றோட்டமானி, வேலை செய்யும் ஒரு சி-பேப் கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், தராசு, கட்டத்தாள் ஆகியவை வேண்டும். மென்பொருளில் வரையத் தெரிந்த ஒருவரும், சுவாச சிகிச்சை வார்டில் பணியாற்றிய செவிலியர் ஒருவரும் முதல் நாளிலிருந்தே உடனிருந்தால் பாதி வேலை மிச்சமாகும். செவிலியரைக் கடைசியில் அழைத்து மாதிரியைக் காட்டுவது வீண். அவர் சொல்லும் முதல் குறையே சட்டத்தை மறுபடி வரையச் செய்துவிடும்.

தரநிலைகளில் ஐ.எஸ்.ஓ. 17510-ஐத் தொடக்கத்திலேயே படித்துவிடுங்கள். உறக்க மூச்சுத்தடை சிகிச்சைக்கான மாஸ்க்குகளுக்கென்றே அமைந்தது அது. குழாய் இணைப்பின் கூம்பு வடிவ அளவுகளை ஐ.எஸ்.ஓ. 5356-1 தருகிறது. 22 மி.மீ. இணைப்பைச் சொந்தமாக 'ஏறக்குறைய' வரைந்தால், நள்ளிரவில் குழாய் கழன்று விழும்.

2. எந்த வகை மாஸ்க் என்பதை முடிவு செய்யுங்கள்

மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, நாசித் துவாரங்களின் அடியில் அண்டி நிற்பது என மூன்று வகைகள் உண்டு. மூன்றுக்கும் பொதுவாக ஒரே சட்டத்தைச் செய்ய முயல்வது புதியவர்களின் ஆசை. அடைப்புக்கோடு மூன்றிலும் வெவ்வேறு எலும்புகளின் மேல் செல்வதால் அது நடக்காது.

முதல் மாதிரிக்கு மூக்கு மாஸ்க்கையே பரிந்துரைப்பேன். பரப்பு சிறியது; தாடை அசைவு பாதிக்காது; பேசலாம். வாயால் மூச்சு விடுபவருக்கும், மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் பைபேப் பெறுபவருக்கும் வாயையும் மூடும் மாஸ்க்தான் வேண்டும். ஆனால் தாடை தளரும்போது அதன் அடிப்பகுதி கசியும். பல் இல்லாத முதியவர்களின் கன்னம் உள்வாங்கும்போது பக்கவாட்டிலும் கசியும்.

துளையுள்ள மாஸ்க்கா, துளையில்லாததா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். ஒற்றைக் குழாய்க் கருவிகளுக்கு மூச்சுக்காற்று வெளியேறத் துளை இருந்தே ஆக வேண்டும். இரட்டைக் குழாயும் வெளியேற்று வால்வும் கொண்ட மருத்துவமனை வென்டிலேட்டருக்குத் துளையில்லாத மாஸ்க் தேவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து மாறிப்போனால் ஆபத்து என்பதால், எல்போ எனப்படும் வளைந்த குழாய் இணைப்பின் நிறத்தையே வேறுபடுத்திவிடுவது நல்லது.

3. முகங்களை அளவெடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் முக அளவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு தொடங்குவது எளிது, பொருந்துவது அரிது. தொழிலாளர் சுவாசக் கவசங்களுக்காக அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தந்துள்ள அளவுக் கட்டம் முகநீளம், முகஅகலம் இரண்டையும் கொண்டு வகைப்படுத்துகிறது. அந்த வகைப்படுத்தும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், எண்களை நம் ஊர் முகங்களிலிருந்து எடுங்கள்.

மூக்கு மாஸ்க்குக்கு நான்கு அளவுகள் முக்கியம்: இரு கண்களுக்கு நடுவே மூக்குத் தொடங்கும் பள்ளத்திலிருந்து மேலுதட்டின் நடுவரை உள்ள நீளம், மூக்கின் சிறகுகளுக்கு இடையிலான அகலம், மூக்குத்தண்டு முன்தள்ளும் உயரம், மேலுதட்டின் உயரம். வாயையும் மூடுவதானால் பள்ளத்திலிருந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே உள்ள குழிவரை அளக்க வேண்டும். வாயின் அகலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும் மல்லாந்து படுத்த நிலையில் ஒரு முறையும் அளவெடுங்கள். படுக்கும்போது கன்னச் சதை காதுப்பக்கம் சரியும், தாடை பின்வாங்கும். மாஸ்க் போடுவது படுத்திருப்பவருக்கு என்பதை அளவெடுக்கும்போது மறந்துவிட்டுப் பிறகு கசிவைத் தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நம் பகுதிக்கே உரிய சில விஷயங்களை ஒரு பத்தியாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னால் பல பெண்கள் மாஸ்க்கையே கழற்றிவிடுவார்கள். ஆகவே சிறகின் வெளிப்பக்கம் மூக்குத்தியின் தலைக்கும் குஷனின் உள்சுவருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மீசை அடர்ந்த ஆண்களுக்கு மேலுதட்டுக் கோட்டில் தோலோடு தொடர்பே கிடைக்காது. அங்கே குஷனின் மடல், அதாவது முகத்தில் படியும் மெல்லிய ஓரம், அகலமாக இருக்க வேண்டும். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களின் பிடரியில் பட்டை வழுக்கும். கொண்டை போடுபவருக்குப் பின்பக்கப் பட்டை இரண்டாகப் பிரிந்து வழிவிட வேண்டும்.

4. அடைப்புக்கோட்டை வரைந்து விசையைக் கணக்கிடுங்கள்

குஷன் முகத்தைத் தொடும் கோட்டைத் தன்னார்வலரின் முகத்திலேயே கண்மைப் பென்சிலால் வரையுங்கள். அது மூக்கெலும்பின் மேல் சென்று, மூக்கின் பக்கவாட்டுப் பள்ளங்களில் இறங்கி, மூக்கின் அடிக்கும் மேலுதட்டின் சிவப்புக்கும் நடுவே முடிய வேண்டும். கண்ணின் உள்மூலைக்கு மிக அருகே போனால் அங்கிருந்து கசியும் காற்று இரவு முழுவதும் கண்ணை உலர்த்தும். சிரிக்கவும் விழுங்கவும் சொல்லிப் பாருங்கள். கோடு எங்கே மடிகிறதோ அங்கே குஷன் அதிகம் வளைந்துகொடுக்க வேண்டும்.

அடுத்து கணக்கு. 1 செ.மீ. நீர் அழுத்தம் என்பது ஒரு சதுர செ.மீ. பரப்பின் மீது 1 கிராம் எடை ஏற்படுத்தும் அழுத்தத்துக்குச் சமம். கோட்டைக் கட்டத்தாளுக்கு மாற்றி, குஷனின் வெளிச்சுவர் வரை எத்தனை சதுர செ.மீ. உள்ளது என்று எண்ணுங்கள். மூக்கு மாஸ்க் 25 சதுர செ.மீ. என்றால், 20 செ.மீ. அழுத்தத்தில் அது முகத்திலிருந்து 500 கிராம் விசையோடு தள்ளப்படும். வாயையும் மூடும் மாஸ்க் 60 சதுர செ.மீ. என்றால் 1,200 கிராம். பட்டைகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டியது இந்த விசையையே. பரப்பைக் குறைப்பது சுகத்தைக் கூட்டும் முதல் வழி என்பதை இந்தப் பெருக்கல் காட்டிவிடும்.

தோல் தாங்கும் எல்லையையும் பாருங்கள். காற்று கசியாமலிருக்க, குஷன் தோலை அழுத்தும் அழுத்தம் உள்ளே உள்ள காற்றழுத்தத்தைவிடச் சற்றேனும் கூடுதலாக இருக்க வேண்டும். 20 செ.மீ. நீர் என்பது ஏறத்தாழ 15 மி.மீ. பாதரசம். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடத் தொடங்கும் அளவாக மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது 32 மி.மீ. பாதரசம். வயதானவர், இரத்த ஓட்டம் குறைந்தவர், எலும்பின் மேல் தோல் மட்டுமே போர்த்திய மூக்குத்தண்டு என்றால் அதற்கும் கீழேயே தீங்கு தொடங்கலாம். ஆக, 15-க்கும் 32-க்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் வடிவமைப்பாளர் நிற்க வேண்டியிருக்கிறது. சுற்றளவு முழுவதும் அழுத்தம் சமமாக இருந்தால் அந்த இடம் தாராளம். ஓரிடத்தில் மட்டும் இரட்டிப்பானால் அங்கே புண் வரும்.

5. குஷனை வடிவமைத்து வார்த்தெடுங்கள்

குஷனின் ஓரம் தடித்த ரப்பர் வளையமாக இருந்தால், அடைப்புக்குத் தேவையான அழுத்தம் முழுவதையும் பட்டையே தர வேண்டியிருக்கும். அதற்குப் பதில் மெல்லிய மடல் உட்பக்கமாக மடிந்திருக்கட்டும். உள்ளே காற்றழுத்தம் ஏறும்போது, மடலின் பின்புறத்தை அதே காற்று தள்ளி முகத்தோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடினால் ஒட்டுதலும் தானாகக் கூடும்; குறைந்தால் தோலுக்கும் ஓய்வு கிடைக்கும். இப்படி அமைத்தால் பட்டையின் வேலை, மாஸ்க்கைத் தன் இடத்தில் நிறுத்துவது மட்டுமே. முந்தைய பகுதியில் பரப்பை எண்ணும்போது மடலின் வெளிச்சுவர் வரை எண்ண வேண்டும் என்பதும் இதனால்தான்.

மடலின் தடிமன் மூக்குத்தண்டின் மேல் அரை மில்லிமீட்டர் அளவிலும், கன்னப்பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். அதன் பின்னே 1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள தாங்குசுவர் ஒன்று வேண்டும். இல்லையெனில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்தவுடன் குஷன் சரிந்துவிடும். தாங்குசுவருக்கும் மடலுக்கும் இடையே இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டால் இரண்டு சுவர் வைத்த பயன் போய்விடும்.

பொருள், மருத்துவத் தரச் சிலிகான். ரப்பர் போன்ற பொருள்களின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 30 முதல் 40 வரையிலான மென்மை தொடக்கத்துக்கு ஏற்றது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வாழ்வதால் இயற்கை ரப்பரையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி இங்கே தவறாமல் எழும். இரண்டு காரணங்களால் வேண்டாம். இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். மூச்சுப்பாதையின் வாயிலில் வைக்கும் பொருளில் அந்த அபாயத்தை ஏற்க முடியாது. மேலும், தோலிலும் முடியிலும் உள்ள எண்ணெய் பட்டால் அது உப்பி நெகிழ்ந்துவிடும்.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு சங்கடம் இங்கே இருக்கிறது. பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிகான், கந்தகம் பட்டால் இறுகாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு சிலிகானைக் கலந்தால், அச்சிலிருந்து எடுக்கும்போது நடுப்பகுதி நன்றாக இருக்கும். விரல் பட்ட ஓரங்கள் மட்டும் பிசுபிசுவென்று கையோடு வரும். சிலிகான் கெட்டுப்போனது, கலவை விகிதம் தவறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள், குற்றவாளி கையுறை. நைட்ரைல் கையுறையிலும் கந்தகம் இருக்கக்கூடும் என்பதால் வினைல் கையுறை பாதுகாப்பானது. ரப்பர் சாமான் செய்யும் மேசையிலேயே வார்ப்பதையும் தவிருங்கள். முழுமையாக இறுகாத ரெசின் அச்சும் இதே கேட்டைச் செய்யும்.

அச்சை முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுப்பதானால், அடுக்கு அடுக்காக விழும் வரிகள் குஷனில் அப்படியே பதியும். முகத்தைத் தொடும் பரப்பில் அந்த வரிகள் ஒவ்வொன்றும் காற்று கசியும் வாய்க்கால். அந்தப் பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பாக்கிய பிறகே சிலிகானை ஊற்றுங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு ஒருபோதும் மடலின் மேல் வரக்கூடாது, வெளிச்சுவரில் வரட்டும்.

கலந்த சிலிகானிலிருந்து வெற்றிடப் பாத்திரத்தில் குமிழ்களை நீக்குங்கள். அரை மில்லிமீட்டர் மடலில் ஒரு சிறு குமிழே துளையாகிவிடும். இறுகிய பிறகு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பத்தில் மறுபடி சூடேற்றி, ஆவியாகக்கூடிய எச்சங்களை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாத குஷனில் மணம் இருக்கும். அந்த மணத்தைத்தான் நோயாளி இரவெல்லாம் சுவாசிப்பார்.

6. சட்டமும் காற்று வெளியேறும் துளைகளும்

சட்டத்தின் வேலை குஷனின் வடிவத்தைக் காப்பது. பாலிகார்பனேட் தெளிவாகவும் வலுவாகவும் இருக்கும். ஆனால் சில கரைப்பான்களும் சுத்திகரிப்புத் திரவங்களும் பட்டால் அழுத்தம் விழும் மூலைகளில் மயிரிழை விரிசல் விடும். மூலைகளை வளைவாக்குங்கள்.

குஷனுக்குள் வீணாகத் தேங்கும் காற்றின் கொள்ளளவைக் குறைக்க, முகமாதிரியின் மேல் மாஸ்க்கைப் பொருத்தித் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயு அங்கே தங்கி அடுத்த மூச்சில் உள்ளே போகும். குறைக்க வேண்டும் என்பதற்காக மூக்கு நுனி சட்டத்தைத் தொடும் அளவுக்கு நெருக்கியும்விடாதீர்கள்.

துளைகளைக் கண்ணளவில் போடக்கூடாது. மிகக் குறைந்த அழுத்தமான 4 செ.மீ.யிலும் போதிய காற்று வெளியேற வேண்டும் என்பதுதான் அளவுகோல், ஏனெனில் அப்போதுதான் கரியமில வாயுவைக் கழுவிச் செல்லும் வேகம் குறைவு. 4 செ.மீ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மி.மீ. வரும், 1 மி.மீ. விட்டமுள்ள துளைகள் சுமார் 25. அழுத்தம் ஐந்து மடங்காகி 20 செ.மீ. ஆனால் காற்றோட்டம் ஐந்தின் வர்க்கமூல அளவுக்கே, அதாவது நிமிடத்துக்கு 45 லிட்டர் அளவுக்கே கூடும். கணக்கு தொடக்கம் மட்டுமே. 4, 8, 12, 16, 20 செ.மீ. அழுத்தங்களில் காற்றோட்டமானியால் அளந்து வரைபடம் போட்ட பிறகே துளைகளை உறுதி செய்யுங்கள். கருவி எதிர்பார்க்கும் கசிவும் இந்த வரைபடமும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரே பெரிய துளையைவிடப் பல சிறு துளைகள் நல்லவை; ஓசை குறையும், காற்றுவீச்சு சீக்கிரம் கலைந்துவிடும். துளையின் உள்வாயில் பிசிறு இருந்தால் விசில் அடிக்கும். காற்று நோயாளியின் கண்ணுக்கோ பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்துக்கோ போகாதபடி மேல்நோக்கிச் சாய்த்துத் துளையிடுங்கள். இதை அலட்சியப்படுத்தினால் மாஸ்க் பற்றிய முதல் புகார் நோயாளியின் மனைவியிடமிருந்து வரும்.

வாயையும் மூடும் மாஸ்க்கில் மூச்சடைப்புத் தடுப்பு வால்வு கட்டாயம் வேண்டும். மின்சாரம் போய்க் கருவி நின்றால், அந்த வால்வின் மடல் விழுந்து வெளிக்காற்றுக்கு வழி திறக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரவு முழுவதும் மின்சாரம் இல்லாத மலையடிவாரக் கிராமங்களுக்கு இது எழுத்தளவிலான நிபந்தனையன்று. வால்வு மடலில் எச்சில் உலர்ந்து ஒட்டிக்கொண்டாலும் திறக்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

7. தலைப்பட்டையும் சரிசெய்யும் முறையும்

பட்டைகள் இழுக்கும் திசைகளின் கூட்டு, குஷனுக்குள் காற்று தள்ளும் விசையின் மையத்தின் வழியாகச் செல்ல வேண்டும். மேலே விலகினால் மூக்குத்தண்டு அமுங்கி உதட்டுப்பக்கம் திறக்கும். கீழே விலகினால் கண்பக்கம் காற்று அடிக்கும். பக்கத்தோற்றப் படத்தில் இந்தக் கோட்டை வரைந்து பார்க்காமல் கொக்கிகளின் இடத்தை முடிவு செய்யாதீர்கள். நெற்றித்தாங்கி வைப்பது இந்தச் சாய்வை ஈடுகட்டத்தான். அதைப் படிப்படியாக முன்னும் பின்னும் நகர்த்தும்படி அமைத்தால் மூக்குத்தண்டின் சுமை குறையும். அது வியர்வையும் சந்தனமும் குங்குமமும் படும் இடம் என்பதால் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கட்டும்.

பின்பக்கப் பட்டை மண்டையின் பின்புடைப்புக்குக் கீழே உட்கார வேண்டும். மேலே உட்கார்ந்தால் வழுக்கி ஏறிவிடும். கீழ்ப்பட்டை காதின் அடியில் செல்லட்டும், காதின் மேல் வேண்டாம். துணிக்கு நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்தது ஏற்றது. ஐப்பசி அடைமழையில் இரவில் துவைத்தது காலையில் காயாது என்பதால், மாற்றுப்பட்டை ஒன்றையும் சேர்த்தே தரத் திட்டமிடுங்கள். துணிக்கடை எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் இழை இருப்பது வழக்கம், வேண்டாம்.

எவ்வளவு நீளும் தன்மை தேவை என்பது நுணுக்கமான கேள்வி. விறைப்பான பட்டையில் தலையைத் திருப்பியவுடன் இறுக்கம் தாவும். மிக நெகிழ்வான பட்டையில் வேறொரு சிக்கல்: பைபேப் கருவி உள்மூச்சுக்கு 15, வெளிமூச்சுக்கு 5 செ.மீ. என்று மாறிமாறி அழுத்தும்போது, 60 சதுர செ.மீ. மாஸ்க்கின் மீது ஒவ்வொரு மூச்சிலும் 600 கிராம் விசை ஏறி இறங்கும். மாஸ்க் முகத்தில் துள்ளும். நெகிழ்வின் பெரும்பங்கைக் குஷனின் மடலுக்குக் கொடுத்து, பட்டையைச் சற்று விறைப்பாக வைப்பதே என் தேர்வு.

சரிசெய்யும் இடங்களைப் பெருக்குவதுதான் நல்ல வடிவமைப்பு என்று நினைக்க வேண்டாம். குஷன் அளவைத் தேர்ந்தெடுப்பது செவிலியர் ஒருமுறை செய்யும் வேலை. நெற்றித்தாங்கியின் படியும் அவ்வாறே. நோயாளியின் கைக்கு வர வேண்டியது பட்டையின் நீளம் மட்டும். அதிலும் தினமும் வெல்க்ரோவைப் பிரிக்காமல், ஒரு கொக்கியைக் கழற்றி மாட்டினால் போதும் என்றிருக்க வேண்டும். பட்டையில் எண்களை நெய்தோ அச்சிட்டோ விட்டால், துவைத்த பிறகு பழைய நிலைக்கே திரும்பலாம்.

கொக்கிக்குக் காந்தம் வைப்பது கவர்ச்சியான யோசனை. இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவியோ, மூளை நீரை வடிக்கும், காந்தத்தால் சரிசெய்யும் வால்வோ பொருத்தியவர்களுக்கு அது ஆபத்து. 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுபற்றி எச்சரித்தது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அந்தக் கருவி இருக்கலாம். சாதாரணக் கொக்கியே போதும், ஒரு கையால், இருட்டில், நடுங்கும் விரலால் கழற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். வாந்தி வரும் நேரத்தில் வாய் மூடிய மாஸ்க்கைக் கழற்ற அரை நிமிடம் தேடக்கூடாது.

8. மேசைச் சோதனை

கெட்டியான பிளாஸ்டிக் தலைமாதிரியில் நல்ல குஷனும் கசியும். மாதிரியின் முகத்தில் மென்மையான சிலிகான் படலம் போர்த்திய பிறகே கசிவை அளந்து பாருங்கள். துளைகளை அடைத்துவிட்டு ஊட்டும் காற்றின் அளவே வேண்டாத கசிவு. துளைகளைத் திறந்துவைத்து மொத்தத்தையும் அளந்து குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

பட்டையில் கணக்கிட்ட எடையைத் தொங்கவிட்டு, மறுநாள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். குழாயை எல்லாப் பக்கமும் இழுத்து, எல்போ சுழல்கிறதா, அல்லது மாஸ்க்கையே இழுக்கிறதா என்று கவனியுங்கள். துவைத்து, கழுவி, மறுபடி முதலிலிருந்து கசிவை அளந்தால்தான் இந்தச் சோதனை முடியும்.

தோலில் படும் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையும், மூச்சுக்காற்று கடந்துசெல்லும் பாதைக்கு ஐ.எஸ்.ஓ. 18562 வரிசையும் உள்ளன. இரவுதோறும் அணிவதால் தொடர்புக் காலத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். ஓர் இரவு எட்டு மணி நேரம் என்று எழுதிவிட முடியாது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு, திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அருகிலேயே இருக்கிறது. மாதிரியைக் கொண்டுபோவதற்கு முன் பொருள்பட்டியலை இறுதி செய்யுங்கள். பிறகு பசையை மாற்றினாலும் சோதனை முதலிலிருந்து தொடங்கும்.

9. அனுமதி

2017-ஆம் ஆண்டின் மருத்துவ சாதன விதிகளின்படி, சோதனைக்காகவும் மருத்துவ ஆய்வுக்காகவும் தயாரிப்பதற்கே எம்.டி.-13 உரிமம் வேண்டும். அதற்கான விண்ணப்பம் எம்.டி.-12. நோயாளிகளிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. விற்பனைக்குத் தயாரிக்கும்போது, ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புச் சாதனங்களுக்கு மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடமும், ஆபத்து கூடிய சி, டி வகுப்புகளுக்கு மத்திய அதிகாரியிடமும் செல்ல வேண்டும். வார்ப்பு வேலை களியக்காவிளையிலும் பொருத்தும் வேலை எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையிலும் நடந்தால், எந்த மாநிலத்தில் எந்த வேலை என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் பட்டறை வைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

10. ஆளுக்கு மாட்டிப் பார்ப்பது

முதலில் விழித்திருக்கும், நோயற்ற பெரியவர் ஒருவர், அருகில் இன்னொருவர், விரலில் ஆக்ஸிமீட்டர். தூங்கவிடக்கூடாது. கருவியை நிறுத்தி வால்வு திறப்பதை அவர் மூச்சாலேயே உறுதி செய்த பின்னரே அடுத்த கட்டம்.

முகத்தை எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, பட்டையைத் தளர்வாக மாட்டி, படுக்கச் சொல்லுங்கள். சிகிச்சை அழுத்தத்தில் கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே முன்னால் இழுத்து விடுங்கள். மடல் காற்றால் விரிந்து தானாக உட்காரும். அதன்பிறகு கீழ்ப்பட்டைகளை இருபுறமும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பின்பு மேல்பட்டைகளுக்குப் போங்கள். காற்று இல்லாதபோது இறுக்கினால், மடல் நசுங்கிய நிலையிலேயே அடைபடும்; அது இறுகிய அடைப்பு. கசிவு நின்ற இடத்தில் நிறுத்துங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும்.

'எப்படி இருக்கு அண்ணாச்சி?' என்று கேட்டால், 'கொள்ளாம் மக்கா, கொழப்பமில்ல' என்றுதான் பதில் வரும். நம் பெரியவர்கள் செய்துகொடுத்தவனின் மனம் நோகச் சொல்லமாட்டார்கள். ஆகவே அபிப்பிராயம் கேட்காமல், 'எந்த இடம் முதலில் தெரிகிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். மூக்குத்தண்டைக் காட்டினால் நெற்றித்தாங்கியைப் பாருங்கள். மேலுதட்டைக் காட்டினால் குஷன் அளவு பெரிது. காதின் பின்புறம் என்றால் பட்டையின் வழி தவறு. எல்லா இடமும் என்றால் பெரும்பாலும் புழுக்கம்தான், இறுக்கமன்று.

கழற்றியபின் தோலைப் பாருங்கள். வெளிறிய தோலில் விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு மறைந்து திரும்புவதைக் காணலாம். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது தெளிவாகத் தெரியாது. பாடநூலின் படத்தை நம்பிச் சிவப்பைத் தேடாமல், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று விரல் நுனியால் ஒப்பிடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மாற்றம் நிலைத்தால், அந்தக் குஷனை அன்றோடு நிறுத்திவிட்டு ஐந்தாம் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

11. கையேடும் பராமரிப்பும்

கையேட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் படங்களோடு அச்சிடுங்கள். நோயாளி ஒரு மொழி படித்தவராகவும் கவனித்துக்கொள்பவர் மற்றொன்று படித்தவராகவும் இருப்பது இங்கே சாதாரணம். குஷனைத் தினமும் மணமற்ற மென்சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்த வேண்டும் என்பது முதல் படம். மாஸ்க்கைத் தானாகக் கழற்ற முடியாதவருக்கு வீட்டில் தனியே மாட்டிவிடக்கூடாது என்பது இரண்டாவது படம்; அதைப் பெரிதாகப் போடுங்கள். மடல் கிழிந்தாலோ, மஞ்சளித்து விறைத்தாலோ குஷனை மாற்ற வேண்டும். மாற்றுக் குஷனின் அளவு எழுத்தைக் குஷனின் உட்புறத்திலேயே வார்த்துவிட்டால், கையேடு தொலைந்தபிறகும் சரியான அளவைக் கேட்டு வாங்கலாம்.